நாற்பத்துமூன்றே முக்கால் பாகை

“...அப்ப இவ்வளவு காலமும் நான் ஆரைப் பாத்துக்கொண்டு இருந்தனான், அண்ணை? நீங்கள்தானே கிழக்கெண்டு சொன்னனீங்கள்!”

மங்கை கேட்டுக்கொண்டேதான் கதவைத் திறந்தாள். பேச்சின் முதல் பாதியைக் கதவுக்கு அந்தப் பக்கமே சொல்லி முடித்துவிட்டாள் போல. நான் இன்னும் சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. கையில் பேக்கரியில் வாங்கிய பாண் பை. டோர்செட் பார்க்கில் அவளுடைய கட்டடமும் என்னுடையதும் பக்கத்துப் பக்கம். சனிக்கிழமை காலையில் நான் பாண் வாங்கிக்கொண்டு போவேன், அவள் சம்பல் அடித்து வைத்திருப்பாள். வாரத்தில் நான் தமிழில் வாய் நிறையக் கதைப்பது அநேகமாக அன்றைக்குத்தான்.

“என்ன பிள்ளை நடந்தது?”

“பால்கனி கிழக்கில்லையாம்.”

எட்டிப் பார்த்தேன். அவளுடைய கதிரை இடம் மாறியிருந்தது. பால்கனியில் விரித்த பச்சை விரிப்பில் அந்தக் கதிரையின் நாலு காலும் வருசக்கணக்காக அழுத்தி நாலு குழி விழுத்தியிருந்தன. அன்றைக்கு நாலு குழியும் வெறுமையாகக் கிடந்தன. கதிரை வலப்பக்கமாகத் திரும்பி, பக்கத்து வீட்டுத் தடுப்பை அரைவாசி பார்த்தபடி, ஒட்டாமல் நின்றது.

மங்கையின் புருசன் பாலா என்னோடு ஒரே கப்பலில் வேலை செய்தவன். அவன் கீழே எஞ்சின் அறையில், நான் மேலே சுக்கானில். அத்திலாந்திக்கின் நடுவில் செத்துப்போனான். அவனைக் கடலில் விட்டபோது பக்கத்தில் நின்ற ஒரே தமிழன் நான். பிற்காலத்தில் இந்த ரொறொன்ரோவில் மங்கையைக் கண்டபோது அவள் அழவில்லை, ஒரு கேள்விதான் கேட்டாள்: “எந்தப் பக்கம், அண்ணை?” நானும் ஒரு பதில்தான் சொன்னேன்: “உலகப்படத்தில இந்த ஊர் எந்த அகலக்கோட்டில இருக்கோ அதே கோட்டிலதான் அவனும் கிடக்கிறான். நேர் கிழக்கு.”

அதற்குப் பிறகு அவள் கிழக்குப் பார்த்த பால்கனி உள்ள வீடாகத் தேடி எடுத்தாள். காலைத் தேத்தண்ணி அந்தக் கதிரையில். திவச நாளில் படைத்துவிட்டு மத்தியானம் வரை அந்தக் கதிரையில். சாம்பல் இல்லை, கரைக்கப் போன கடற்கரை இல்லை, சுடலையில் காடாத்து நடந்த இடம் இல்லை. அவளிடம் இருந்தது ஒரு பக்கம் மட்டும்தான்.

இப்போது மகள் தர்சினி மில்லிக்கனில் வீடு பார்க்கிறாள். அம்மாவுக்குக் கீழ்த்தட்டில் ஓர் அறை. மங்கைக்குப் பால்கனியை விட்டுப் போக மனமில்லை. இழுபறிப்பட்டு, “வாசல் கிழக்கெண்டா வாறன்” என்று இறங்கி வந்தாள். வீடு விற்கிற தம்பி “கிழக்கு வாசல் அன்ரி, சூரியன் நேரா உள்ளுக்கை வரும்” என்று கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மருமகன் வாஸ்துக்காக வாசற்படியில் போனை வைத்துத் திசை பார்த்தாராம். முள் ஒரு பக்கம், வாசல் ஒரு பக்கம். தம்பி அசையவில்லை.

“அன்ரி, ரொறொன்ரோவில வடக்கெண்டா ரோட்டுக்கு வடக்கு. வானத்துக்கு வடக்கில்லை.”

எங்கே ஒரு நல்ல பேச்சு விழுந்தாலும் பொறுக்கி வைப்பது என் பழக்கம். இதையும் வைத்துக்கொண்டேன். உண்மையும்தான். இந்த நகரத்தின் தெருக்களை அந்த நாளில் ஏரிக்கரை சரிந்த சரிவுக்கே அளந்து போட்டுவிட்டார்கள். எல்ஸ்மியர், ஃபிஞ்ச், ஸ்ரீல்ஸ் எல்லாம் கிழக்கே போகிறோம் என்ற நினைப்பில் மெல்ல வடக்கே ஏறிக்கொண்டிருக்கின்றன. தெருவைப் பார்த்துக் கட்டிய கட்டடங்களும் அப்படியே. வீடு பார்த்துவிட்டு வந்த மங்கை, மகளைக்கொண்டு தன் பால்கனியிலும் போனை வைத்துப் பார்த்திருக்கிறாள். அதே சரிவு.

“ஓம் பிள்ளை, சரிதான்” என்றேன். “கிழக்கு உன்ர வலப்பக்கமாக் கொஞ்சம் தள்ளி இருக்கு.”

“அப்ப மனுசன் வலப்பக்கத்தில நிக்க, நான் ஆரோ பிறத்தியானைப் பாத்துத் தேத்தண்ணி குடிச்சிருக்கிறன்.” சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். சிரிப்பு வரவில்லை. “மில்லிக்கனும் வேண்டாம், ஒரு இடமும் வேண்டாம். எங்க இருந்தாலும் எனக்கு ஒண்டுதான்.”

பாணைச் சாப்பிட்டோம். அவள் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டாள்.

எங்கள் கடலோடிகள் சங்கத்து மலருக்கு, சூரியனைப் பார்த்துக் கப்பல் ஓட்டிய காலத்தைப் பற்றி ஏதும் எழுதித் தாருங்கோ என்று செயலாளர் தம்பி கனகாலமாகக் கேட்கிறார். இப்போது கப்பலில் நிற்கிற பிள்ளைகளுக்குத் திரையில் ஒரு நீலப் புள்ளி தெரியும், அதுதான் தாங்கள். நல்ல விசயம். எனக்கு எழுத ஒன்றும் இல்லை என்று தட்டிக்கழித்து வந்தேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு இருக்கிறது.

நான் படித்துப் பெரிய ஆளாகி ஏறியவன் இல்லை. கொழும்பில் ஒரு ஏஜென்ரிடம் காத்துக் கிடந்து, துரு சுரண்டுகிற வேலைக்கு ஏறினேன். சுரண்டினேன், பெயின்ற் அடித்தேன், கயிறு இழுத்தேன், ஒருநாள் சுக்கானில் நிற்கச் சொன்னார்கள், நின்றேன். மற்றதெல்லாம் ஆட்களிடம் வாயைக் கொடுத்துக் கற்றதுதான்.

ரொறொன்ரோவும் பாலாவும் கிடக்கிற அந்த நாற்பத்துமூன்றே முக்கால் பாகைக் கோடு என்னை விடாமல் துரத்தியது என்றுதான் சொல்லவேண்டும். உலக உருண்டையில் இந்த ரொறொன்ரோவிலிருந்து விரலை வைத்துக் கிழக்கே இழுத்துப் பாருங்கள். ஸ்காபரோவைத் தாண்டியதும் ஏரி. பிறகு அமெரிக்க மலைகள், மேய்ன் கரை, நோவா ஸ்கோசியாவின் வால். அங்கிருந்து தண்ணீர், தண்ணீர், தண்ணீர். ஸ்பெயினின் வடக்கு மூக்கை உரசிக்கொண்டு பிரான்சுக்குள் ஏறி, இத்தாலியைக் குறுக்கே வெட்டி, கருங்கடலில் இறங்கும். பிறகு காஸ்பியன், மத்திய ஆசியாவின் வெறும் வெளி, சீனம், ஜப்பானின் வடக்குத் தீவு, பசிபிக். ஒறிகனில் கரையேறி, கோதுமை வயல்களும் இரண்டு பேரேரிகளும் தாண்டி, திரும்பவும் எங்கள் எல்ஸ்மியர் வீதி.

இதில் பாதியை நான் கப்பலில் வெட்டியிருக்கிறேன். கருங்கடலில் துறைமுகத்து வாசலில் அப்பிள் விற்ற கிழவி ஒருத்தி, நான் எந்த நாடு என்று கேட்டு, விளங்காமல், “அம்மா இருக்கிறாவோ?” என்று கையால் கேட்டாள். ஓம் என்று தலையாட்டியதற்கு ஒரு அப்பிள் கூடப் போட்டாள். ஜப்பானின் வடக்குத் தீவில் சுக்கான் அறைக் கண்ணாடியில் பனி பிடித்து, கொதிதண்ணீர் ஊற்றி ஊற்றிப் பாதை பார்த்தோம். ஒறிகனில் மரம் ஏற்றிய தொழிலாளி ஒருவன் சொன்னான்: “இங்கே மழை பெய்வதில்லை. மழை இங்கே குடியிருக்கிறது.” அதையும் பொறுக்கி வைத்தேன். கப்பல்காரன் காசு கொடுக்காமல் ஊருக்குக் கொண்டுபோகக்கூடிய சாமான் ஆட்களின் பேச்சுத்தான். கேட்க ஆள் வேண்டும், அவ்வளவே.

பாலாவோடு நான் நின்ற கப்பலின் கப்டன் கிரேக்கர். யோர்கோஸ் என்று பெயர். நாங்கள் கிழவர் என்போம். அந்தக் கப்பலில் செய்மதி பார்த்து இடம் சொல்கிற பெட்டி ஒன்று இருந்தது, அடிக்கடி படுத்துக்கொள்ளும். அது நல்லாயிருந்த நாளிலும் கிழவர் மத்தியானச் சூரியனைப் பார்க்காமல் சாப்பிட உட்காரமாட்டார்.

அவர் வருகிற விதமே ஒரு விதம். வீட்டுச் செருப்பு. முழங்கை வரை மடித்த சேட். கையில் அந்த மரப் பெட்டி, பெட்டிக்குள் சூரியனை அளக்கிற கருவி, செக்ஸ்ரன்ற். வெளித்தட்டுக்குப் போய்க் காலை அகட்டி நின்றுகொள்வார். அந்த நேரம் யாரும் கதைக்கக்கூடாது, இருமவும் கூடாது. கருவியின் கையை நகர்த்தி, கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் சூரியனைக் கீழே இறக்கி, கடலும் வானமும் முட்டுகிற கோட்டில் மெல்ல வைப்பார். சூரியன் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். கோட்டைவிட்டுக் கிளம்பும். திருகாணியைத் திருகித் திரும்ப இறக்குவார். கிளம்பும், இறக்குவார். பிறகு ஒரு நேரம் வரும், சூரியன் ஏறாது. இறங்கவும் மாட்டாது. தூக்கிப் போட்ட பந்து உச்சியில் நிற்கிற மாதிரி. கிழவர் மூச்சுக்கூட விடமாட்டார். கொஞ்சத்தில் கண்ணாடிக்குள் சூரியனின் அடிவிளிம்பு கடலுக்குள் அமிழத் தொடங்கும். அப்போது ஒரு சொல்: “போய்விட்டது.” அந்த உச்சி உயரத்தைத் தொண்ணூறில் கழித்து, அன்றைய நாளுக்குரிய கணக்கைக் கூட்டினால், நாங்கள் நிற்கிற கோடு.

“மற்றக் கோட்டுக்கு, கிழக்கு மேற்குக்கு, மணிக்கூட்டை நம்பவேண்டும்” என்பார். “மணிக்கூடு மனிதன் செய்தது. இந்தக் கோட்டுக்குச் சூரியன் மட்டும் போதும்.”

அந்தப் பயணம் ஸ்பெயினின் வடகரையிலிருந்து மொன்றியலுக்கு, வெறுங்கப்பல். இளவேனில், பனிப்பாறைகள் தெற்கே மிதந்து வருகிற காலம். வடக்கே ஏறாமல் ஒரே கோட்டில் மேற்கே போகச் சொன்னார் கிழவர். இரண்டாவது அதிகாரி, அது தூரம் கூடிய பாதை என்றார். சாப்பாட்டு மேசையில் இருந்த பாலாவுக்குப் பொறுக்கவில்லை. கடற்படத்தில் நேர்கோடு இருக்க, வளைந்து போவது எப்படிக் கிட்டவாகும் என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் கப்டனையே கேட்டுவிட்டான்.

கிழவர் சமையல்காரரிடம் ஒரு பெரிய வெங்காயம் வாங்கினார். மேற்பாதியில் ஒரு ரப்பர் வளையம் போட்டார்: “இது நமது கோடு.” வளையத்தின் மேல் தள்ளித் தள்ளி இரண்டு கராம்பு குத்தினார்: “இது ஸ்பெயின். இது கனடா.” கராம்புகளுக்கிடையில் ஒரு நூலை வைத்து இழுத்து இறுக்கினார். நூல் ரப்பரின் மேல் கிடக்கவில்லை. வழுக்கி, மேலே ஏறி வளைந்து நின்றது.

“கோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறவன் தனக்குத் தெரியாமல் திரும்பிக்கொண்டே போகிறான். திரும்பாமல் போகிறவனின் பாதை இதுதான்.”

பாலா என் காதுக்குள் சொன்னான்: “அண்ணை, கிழவர் வெங்காயத்தையே அழப்பண்ணுறார்.” நான் சிரித்துவிட்டேன். சமையல்காரர், அது இரவுக் கறிக்கு வைத்திருந்த வெங்காயம் என்று கத்தினார்.

கொஞ்ச நாளில், வேலை முடிந்து மேலே வந்த பாலா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்தான். றேடியோவில் டொக்ரர் சொன்ன மருந்தெல்லாம் கொடுத்தார்கள். விடிய அவன் இல்லை.

குளிரறை இயந்திரம் புறப்பட்ட கையோடு பழுதாகியிருந்தது. கரைக்குப் போய்ச் சேர இன்னும் கன நாள் இருந்தது. போய்ச் சேர்ந்தாலும் ஊரில் சண்டை, சவப்பெட்டி போக வழியில்லை. கடலில் விடச்சொல்லிக் கொம்பனி சொல்லிவிட்டது.

கிழவர் என்னைக் கூப்பிட்டு இருத்தினார். “உங்கள் ஆட்களுக்கு என்ன செய்வது முறை?”

“எரிக்கிறது. பிறகு சாம்பலைக் கடலில் கரைக்கிறது.”

கிழவர் மேசையில் கிடந்த கடற்படத்தைத் தன் பக்கம் இழுத்தார். “கடைசியில் கடல்தான், இல்லையா? முதல் படியை என்னால் செய்ய முடியாது. கடைசிப் படியை ஒழுங்காகச் செய்வோம்.”

ஒழுங்கு என்று அவர் சொன்னதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை. தட்டு வேலையாட்களை மேய்க்கிற தண்டல்காரர் பாய்த்துணியில் பாலாவைச் சுற்றித் தைத்தார். காலடியில் இரும்பு வைத்தார்கள். முகத்தை மூட முன்னம் நான் வாய்க்கரிசி போட்டேன். சமையல்காரர் தகர மூடியில் எண்ணெய் ஊற்றி, பஞ்சைத் திரித்துத் திரி போட்டுத் தந்தார். வெங்காயத்துக்குக் கத்திய அதே ஆள். எல்லாம் ஆயத்தம். ஆனால் மத்தியானம் வானம் முழுக்க முகில். கிழவர் கருவியோடு நின்று பார்த்துவிட்டு, “இன்றைக்கில்லை” என்று உள்ளே போனார்.

மறுநாளும் முகில். அவனை மேற்தட்டில், குளிர்காற்றில், படங்குத் துணியின் கீழ் வைத்திருந்தோம். கப்பல் அதே கோட்டில் ஊர்ந்தது. பிரதம எஞ்சினியர் மேலே வந்து, ஒரு செத்த மனிதனுக்காகக் கப்பலை ஊர விடுவதா, கொம்பனிக்கு யார் பதில் சொல்வது என்று நேரே கேட்டார். கிழவர் அவரைப் பார்க்கவில்லை, முகிலைப் பார்த்தார்.

“நான் சொல்கிறேன். நிச்சயமாகத் தெரியாத இடத்தில் ஒருவனையும் விடமாட்டேன்.”

அதற்கடுத்த நாள் மத்தியானத்துக்குச் சற்று முன் முகில் ஒரு கிழிசல் கிழிந்தது. கிழவர் செருப்போடு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். சூரியனை இறக்கினார், இறக்கினார், காத்து நின்றார். “போய்விட்டது.” கணக்குப் பார்த்து வந்து என் கண்ணைப் பார்த்து எண்ணைச் சொன்னார். நாற்பத்துமூன்றே முக்கால். “மற்றக் கோடு கொஞ்சம் முன்பின் இருக்கலாம். இது பிழைக்காது. மனதில் வைத்துக்கொள். அவனுடைய மனைவி ஒருநாள் கேட்பாள்.” எஞ்சின் நின்றது. பலகையைச் சரித்தோம்.

மொன்றியல் வரை எனக்குத் தமிழில் கதைக்க ஆளில்லை. சுக்கானோடு கதைத்தேன். அது சொன்னதைக் கேட்கும், திருப்பிச் சொல்லாது.

பிறகு நான் கனடாவிலேயே நின்றுவிட்டேன். ஏரிக்கப்பல்களில் வேலை. முதல்முறை ரொறொன்ரோவுக்கு வந்தபோது கடற்படத்தின் ஓரத்தில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சுக்கானை இறுக்கிப் பிடித்தேன். அதே கோடு. அந்தக் கோட்டிலேயே வீடெடுத்து, தனியாகவே இருந்து, பென்சனும் எடுத்துவிட்டேன். கலியாணம் கட்டவில்லை. எனக்கென்று பார்த்துக்கொண்டிருக்க ஒரு பக்கம் இருந்ததில்லை. மங்கைக்கு இருக்கிறதே என்று ஒரு நிம்மதி.

அந்தச் சனிக்கிழமை பாணைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன், மத்தியானச் சமையலுக்கு. கத்தியை அப்படியே வைத்துவிட்டுச் சப்பாத்தைப் போட்டேன். கெனடி வீதியில் பழைய சாமான் கடையில் ஒரு உலக உருண்டை கிடந்தது. இப்போது இல்லாத நாடுகள் எல்லாம் அதில் இருந்தன. கடல்கள் அப்படியேதான் இருந்தன. வாங்கிக்கொண்டு நேரே மங்கை வீட்டுக்குப் போனேன்.

“இதென்ன அண்ணை, பந்து விளையாடப் போறமோ?”

“தையல் பெட்டியில இருந்து நூல் எடு.”

ஒரு நுனியை ரொறொன்ரோவில் அவளைப் பிடிக்கச் சொன்னேன். மற்ற நுனியை அதே கோட்டில், அத்திலாந்திக்கின் நடுவில், பாலாவை விட்ட இடத்தில் நான் வைத்தேன். “இப்ப இழு.”

“வழுக்குது, அண்ணை.”

“வழுக்கட்டும். விடு.”

நூல் கோட்டைவிட்டு ஏறியது. ரொறொன்ரோவிலிருந்து கிழக்கே போகாமல், கொஞ்சம் வடக்கே சரிந்து கிளம்பி, கேப் பிரெட்டனுக்கு மேலால் வளைந்து, பாலாவிடம் இறங்கியது. மங்கை மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள்.

“இது ஏன் இப்பிடிப் போகுது?”

வெங்காயக் கதையைச் சொன்னேன். பாலா என் காதுக்குள் சொன்னதையும் சொன்னேன். இத்தனை வருசத்தில் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “அந்த மனுசன் அப்பிடித்தான்” என்றாள்.

பிறகு ஒரு கடதாசியை, ரொறொன்ரோவில் கோட்டுக்கும் நூலுக்கும் இடையில் இருந்த சரிவுக்குச் சரியாக மடித்தேன். என் போனில் ஊர் வரைபடத்தை, வடக்கு மேலே இருக்கிற மாதிரி வைத்து, கடதாசியின் அடியோரத்தைக் கிழக்கு மேற்காகப் பிடித்து, மடிப்பைத் தெருவில் வைத்தேன். எல்ஸ்மியர் வீதி அந்த மடிப்போடு ஒட்டிக்கொண்டு ஓடியது. அவளுடைய பால்கனி பார்க்கிற பக்கமும் அதுதான். அவள் நம்பவில்லை. கடதாசியைப் பிடுங்கித் தானே வைத்துப் பார்த்தாள். பாலாவைக் கொஞ்சம் முன்னுக்கும் கொஞ்சம் பின்னுக்கும் நகர்த்தி நூலை இழுத்துப் பார்த்தாள். மடிப்பு பெரிதாக அசையவில்லை.

“கோட்டில போறவருக்குத்தான் நேர் கிழக்கு” என்றேன். “கப்பல் போனது கோட்டில. நீ ஒரு இடமும் போகேல்லைப் பிள்ளை, இருந்து பாத்தனீ. இருந்து பாக்கிறவைக்கு நூல்தான்.”

“அப்ப தெரு பிழை.”

“தெரு பிழை.”

“நான்?”

“நீ சரி.”

மங்கை நூலைச் சுற்றி உருண்டைக்கு மேலேயே வைத்தாள். போனை எடுத்தாள்.

“தர்சினி, உந்த மில்லிக்கன் வீட்டை விடாதேங்கோ. ஓம், உதேதான்.”

மறுபக்கத்துச் சத்தம் எனக்கே கேட்டது: “அம்மா, பட் அது ஈஸ்ற் இல்லையே!”

“கிழக்கை இப்ப ஆர் கேட்டது? வாசல் சரியாத்தான் இருக்கு.”

மில்லிக்கனுக்கு இரண்டு பஸ் பிடிக்கவேண்டும். போய்ச் சேரப் பாண் ஆறிவிடும் என்று நான் நினைத்துக்கொண்டு நிற்க, அவள் போனை மேசையில் வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனாள். கதிரையை இழுக்காமல் தூக்கினாள். விரிப்பில் கிடந்த நாலு குழியிலும் நாலு காலையும் ஒவ்வொன்றாகப் பொருத்தி வைத்துவிட்டு, அதில் இருந்தாள்.